அப்பா பட்டதாரி இல்லை என்பதற்கான சான்றிதழ்

பிளஸ் டூ முடித்த வருஷம் கவுன்சலிங்கில் எனக்குத் திருச்சி பக்கம் துவாக்குடி தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைதான் இருந்தது. சாயங்காலம் காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் போனை வாங்கி, கல்லூரியின் கட்டண விவரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்பா அங்கே ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுபவர். எந்தத் தொகையைப் பார்த்தாலும் கூட்டல் சரியா என்றுதான் முதலில் பார்ப்பார். கூட்டல் சரியாக இருந்தது. அதுதான் அவரைக் கலங்கடித்தது.

"டியூஷன் ஃபீஸ் தனி, பஸ் ஃபீஸ் தனி, லேப் தனி. கடைசியா 'இதர'ன்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அது என்னம்மா?"

"தெரியலப்பா."

"அது ஒண்ணும் சின்னதா இல்லியே."

அம்மா தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் தங்கள் நோயைப் பற்றிக் கொஞ்சமும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நிறையவும் பேசுவார்கள் என்பதால், காலேஜுக்குப் பணம் கட்டுகிற வழிகள் அத்தனையும் அம்மாவுக்கு அத்துப்படி. அன்றைக்கே விரல் விட்டுச் சொன்னாள். பேங்கில் கல்விக் கடன் வாங்கலாம். லால்குடியில் இருக்கும் மாமாவிடம், அதாவது அவளுடைய அண்ணனிடம், ஜாமீன் கையெழுத்தும் முதல் செமஸ்டருக்குக் கொஞ்சம் பணமும் கேட்கலாம். மூன்றாவதாக, முதல் பட்டதாரி சலுகை என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், டியூஷன் ஃபீஸை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும்.

"அது நமக்கு வராது. உங்கப்பாதான் பி.காம். ஆச்சே" என்று அந்த மூன்றாவது விரலை அம்மாவே மடக்கிவிட்டாள்.

அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் குளித்தார்.

அப்பாவின் பி.காம். எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. வாசல் சுவரில் பதித்த கறுப்புக் கிரானைட் கல்லில் அப்பாவின் பெயரும், பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் 'பி.காம்.' என்பதும் இருக்கும். மண்டியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பி.காம். சார் எங்க? பி.காம். சார் டீ குடிக்கப் போயிருக்காரு." சந்தில் யாருக்காவது மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டுமென்றால் அப்பாவிடம்தான் வருவார்கள். எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கி வந்தபோது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு பி.காமோட பொண்ணு வாங்குற மார்க்கா இது?"

மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பியதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துடலாம். ரேஷன் கார்டை எடுத்துக்க." விடியற்காலையிலேயே மண்டிக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. போன இடம் இ-சேவை மையம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து அப்பா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார், ஃபேன் ஓடுது."

அப்பா இன்னும் குனிந்தார்.

"முதல் பட்டதாரியா? சரி. நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?"

அப்பா திரும்பவும் குனிந்தார்.

"பி.காமா? அப்ப எப்படி சார் போட முடியும்? ஓ... ஃபெயிலா?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் இதைக் கேட்டார்கள். ஒன்பதாவதாக நானும் கேட்டேன்.

"ஒரே ஒரு பேப்பர்தாம்மா" என்றார் அப்பா. இது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணா இருந்தா என்ன, ஒம்பதா இருந்தா என்ன சார். முடிக்கலைன்னா முடிக்கலதான். ப்ரூஃப் இருக்கா?"

அப்பா ஜவுளிக்கடைப் பையைத் திறந்தார். உள்ளே ஏழு மார்க் ஷீட்டுகள். ஏழும் ஒரே பாடத்துக்கானவை, ஏழிலும் தோல்வி. இத்தனை வருஷமும் மண்டி மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். ஐந்தாவதை எடுத்தபோது அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. "போதும் சார். நம்பிட்டேன்" என்றாள்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பேப்பர்ப்பா?"

"தமிழ். இரண்டாம் தாள்."

"தமிழா?"

"அக்கவுண்டன்சில எண்பத்தெட்டு வாங்கினேன்" என்றார் அவசரமாக. "காஸ்டிங்ல எழுபத்தாறு. தமிழ்ல கடிதம் எழுதுகன்னு ஒரு கேள்வி வரும் பாரு, அதுக்கெல்லாம் முழு மார்க் போட்டிருப்பாங்க. இலக்கணம்தாம்மா கழுத்தைப் பிடிச்சிடுச்சு. ஒரு தடவை முப்பத்தெட்டு வரைக்கும் வந்தேன். இன்னும் ரெண்டு மார்க் வந்திருந்தா..."

கல்யாணம் பேசும்போது அப்பா அந்தப் பேப்பரை நான்காவது முறை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாராம். எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில் தரகர் 'பி.காம்.' என்றே சொல்லிவிட்டார். பத்திரிகையிலும் அப்படியே அச்சாகிவிட்டது. பத்திரிகை வந்தது, ரிசல்ட் வரவில்லை. ரிசல்ட் வந்தபோது கல்யாணம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதற்கப்புறம் மூன்று முறை, மண்டியில் ஆடிட்டிங் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறார். அம்மா ஆடிட்டிங்குக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். சர்டிபிகேட் வரட்டும். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா.

நான் சரி என்று தலையாட்டினேன். அதற்குக் கூலியாக எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து வி.ஏ.ஓ. போன் செய்தார். விசாரணைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவதாகவும், அப்பா அம்மா இருவருமே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம், கல்விக் கடனுக்காக வருமானச் சான்று விசாரிக்க வருகிறார்கள் என்று சொல்லி, அரைநாள் லீவு போட வைத்தார். அடுத்த பிரச்சினை வாசல் சுவர். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்று விசாரிக்க வருபவரை பி.காம். என்ற கல் வாசலிலேயே வரவேற்கும். கல்லைப் பெயர்க்க நேரமில்லை. துணி போட்டு மூடினால் அம்மா கேட்பாள். அப்பா யோசித்து, பக்கத்துத் தெருவில் காலியாக இருந்த ஒரு வீட்டிலிருந்து 'வீடு வாடகைக்கு' என்ற போர்டைக் கடன் வாங்கி வந்து, காலையில் அம்மா குளிக்கும் நேரம் பார்த்துக் கல்லின் மேல் மாட்டிவிட்டார். அளவெடுத்த மாதிரி கச்சிதமாக மூடியது.

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

வி.ஏ.ஓ. பத்து மணிக்குச் சரியாக ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் அலைந்த களைப்பு. அம்மா மோர் கொடுத்தாள். அவர் ஃபைலைப் பிரிப்பதற்குள் வாசலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள்.

"வீடு எத்தனை ரூமுங்க? காவிரித் தண்ணி வருதுங்களா?"

"எந்த வீடு?" என்றாள் அம்மா.

"இதுதாங்க. போர்டு போட்டிருக்கே."

"நாங்க குடியிருக்கோமே இதுல!"

"எப்ப காலி பண்றீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வி.ஏ.ஓ.வைப் பார்த்தார். வி.ஏ.ஓ. மோரைக் குடித்தார். அப்பா வாசலுக்கு ஓடி, "தப்பா மாட்டிட்டாங்க, போயிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே அடுத்த ஆள் வந்துவிட்டார். இவர் விவரமானவர். போன் நம்பர் பின்பக்கம் இருக்குமோ என்று போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது வாடகைக்கா, சொந்த வீடா? பேரெல்லாம் போட்டிருக்கு. பி.காம்.னு?"

வி.ஏ.ஓ. எழுந்து வாசலுக்குப் போனார். கல்லைப் படித்தார். உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், முதல் பட்டதாரி சர்டிபிகேட் கேட்டிருக்கீங்க. வாசல்ல பி.காம்.னு கல்லு வெச்சிருக்கீங்க. நான் எதை எழுதறது?"

"முதல் பட்டதாரியா? வருமானச் சான்றுதானே கேட்டோம்?" என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் அப்பா ஜவுளிக்கடைப் பையை நீட்டினார். வி.ஏ.ஓ. மார்க் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி ஷீட்டில் நிமிர்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவராலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தமிழ்லயா சார்?"

அம்மா கை நீட்டி அந்தக் காகிதங்களை வாங்கினாள். வருஷத்தையும் மாசத்தையும் படித்தாள். ஏப்ரல், நவம்பர், ஏப்ரல். "ஆடிட்டிங்" என்றாள், யாரையும் பார்க்காமல். அப்புறம், "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, காட்டிய இடத்தில் போட்டாள். தாயின் கல்வி என்ற இடத்தில் அவள் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு வரை.'

வி.ஏ.ஓ. கிளம்பும்போது அப்பாவிடம் தாழ்ந்த குரலில், "அந்தக் கல்லை மட்டும் சரி பண்ணி போட்டோ எடுத்து அனுப்பிடுங்க சார். நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டா எனக்குத் தலைவலி" என்றார்.

அன்று மத்தியானமே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டி 'பி.காம்.' இருந்த பாதியை மட்டும் பெயர்த்தெடுத்தார். மிச்சமிருந்த கல்லில் அப்பாவின் பெயர் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. போட்டோ எடுத்து அனுப்பினேன். வி.ஏ.ஓ. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கிளினிக்கில் கூப்பிடுகிற குரலில் என் மூலம் சொன்னாள். "சாப்பிட அடுத்த ஆளை வரச் சொல்லு." "வெளியே காத்திருக்கிறவரை காஸ் புக் பண்ணச் சொல்லு." அப்பாவும் முறை வந்த நோயாளி மாதிரியே எழுந்து வருவார்.

மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள். "பொய் சொன்னதுகூடப் பெரிசில்லடி. நான் கெமிஸ்ட்ரில ரெண்டு வருஷம் முடிச்சு, மூணாவது வருஷம் ஃபீஸ் கட்டப் போற நேரம். கல்யாணம் வந்துது. மாப்பிள்ளை டிகிரி முடிச்சவரு, வீட்டுக்கு ஒரு டிகிரி போதும்னு நிறுத்திட்டாங்க. கடைசில பாத்தா அந்த ஒண்ணும் இல்ல."

எனக்கு அதுவரை சிரிப்பாக இருந்ததெல்லாம் அங்கே நின்றுபோனது. அம்மா படித்தது கெமிஸ்ட்ரி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறைவாக நின்று அப்பாவும் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மண்டியிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்து அம்மாவிடம் கொடுக்கப் பயந்துபோய் என்னிடம் கொடுத்தார். நான் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சாமி படத்துக்குப் போட்டாள்.

சான்றிதழ் வந்துவிட்டது. டியூஷன் ஃபீஸ் கவலை போயிற்று. மீதிக்குக் கடன். பேங்க் மேனேஜர் இளைஞர்தான், எதைக் கேட்டாலும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். சம்பளச் சான்றோடு ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார். அரசாங்கச் சம்பளம் என்றால் நல்லது என்றார். எங்கள் சொந்தத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர் மாமா ஒருவர்தான். மாமா லால்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் ஆசிரியர்.

தமிழாசிரியர்.

"அவருகிட்ட நான் முன்னாடியே சொல்லிடவா?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லச் சொல்லு" என்றாள் அம்மா. ஒரே வீட்டில் ஏழடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நடுவே நான் தபால்காரி.

மாமா ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நான்கு பேனா. பஸ் நெரிசலில் கசங்கியிருந்தாலும் என்னைப் பார்த்ததும், "பொறியாளரே, வருக!" என்றார். பேங்கில் நாங்கள் நான்கு பேரும் மேனேஜர் அறைக்குள் போனோம். இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. மாமாவும் அம்மாவும் உட்கார, அப்பாவும் நானும் பின்னால் நின்றோம்.

மேனேஜர் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். அப்பா ஏற்கெனவே நிரப்பி வைத்தது. மாமா ஜாமீன்தாரர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மாமா படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கல்வி கடன்னு போட்டிருக்கு."

"ஆமா சார். எஜுகேஷன் லோன்."

"க் எங்கே?"

"எந்த க்கு சார்?"

"கல்விக் கடன். நடுவுல ஒற்று வேணுமே."

மேனேஜர் ஏதாவது சொல்வதற்குள் மாமா சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கம், கையை நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது. தலைப்பில் ஒரு 'க்' போட்டார். அடுத்த வரியில் ஒரு 'ச்'. பக்கத்தைத் திருப்பி 'மானவி' என்றிருந்ததில் 'ன'வை வட்டமிட்டார். மூன்றாம் பக்கத்தின் அடியில் மார்க் போடவே போயிருப்பார்.

"சார்! சார்! ஒரிஜினல் ஃபார்ம் சார் அது!" மேனேஜர் பாதி எழுந்துவிட்டார். "ரெட் இங்க் பட்டா ஸ்கேன்ல ரிஜெக்ட் ஆயிடும் சார்!"

புதுப் படிவம் எடுத்து வரச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். தான் செய்தது தப்பு என்று மாமாவுக்குப் புரிந்தது, ஆனால் திருத்தியது தப்பு என்று தோன்றவில்லை. "கவலைப்படாதீங்க. நானே எழுதித் தரேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று நீலப் பேனாவை எடுத்து, பழைய படிவத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தபடி புதியதில் எழுத ஆரம்பித்தார். என் பெயர், பிறந்த தேதி, முகவரி. அப்பா மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"தந்தையின் கல்வித் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பு." மாமா சிரித்தார். "பாத்தீங்களா, இதுலயும் தப்பு. மாப்பிள்ளை, உங்க சொந்தப் படிப்பையே மாத்தி எழுதியிருக்கீங்களே."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார் அப்பா. "அது எழுத்துப்பிழை இல்ல."

மாமா திரும்பினார். அப்பா நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். பத்திரிகை, பதினோரு நாள், ஏழு தடவை. கூட்டலில் எதையும் விடாத மனிதர், இதிலும் எதையும் விடவில்லை. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா பேனாவை மூடினார். "எந்தப் பேப்பர்?"

"தமிழ்."

மாமா கண்ணை மூடினார். கோபம் ஒரு படி ஏறியது தெரிந்தது. பொய்யைக்கூட அவர் மன்னித்திருப்பாரோ என்னவோ. "தமிழ்ல எது?"

"இலக்கணம், மச்சான்."

"இலக்கணத்துல எது?"

"புணர்ச்சி விதி."

மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"தமிழ் தெரியாத ஆளுக்கா என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன்! இருபது வருஷமா எனக்குப் பொங்கல் வாழ்த்து எழுதி அனுப்பினீங்களே, அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். இதுல நான் எப்படி ஜாமீன் போடுறது? நாணயமில்லாத இடத்துல..." என்று மாமா எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் அம்மா.

அவள் குரல் உயரவில்லை. டோக்கன் இல்லாமல் உள்ளே நுழைகிறவர்களை நிறுத்துகிற குரல். மாமா உட்கார்ந்தார்.

"இவரு பொய் சொன்னாரு. அதை நான் வீட்ல பாத்துக்கறேன், அது என் பாடு. ஆனா என் படிப்பை நிறுத்தினது இவரு இல்ல, நீங்க. மூணாவது வருஷம் ஃபீஸ் கட்டறதுக்கு நான் உங்ககிட்ட வந்து நின்னேன். மாப்பிள்ளைதான் டிகிரியாச்சே, உனக்கு எதுக்குன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

மாமா மேஜையைப் பார்த்தார்.

"இவளையும் நிறுத்தாதீங்க. கையெழுத்தைப் போடுங்க."

மாமா பேனாவைத் திறந்தார். அவசரத்தில் கையில் வந்தது மறுபடியும் சிவப்புப் பேனா. மேனேஜர் பாய்ந்து தன்னுடைய பேனாவை அவர் விரல்களுக்குள் திணித்தார். மாமா மிச்சத்தையும் எழுதி முடித்து எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டார். எழுத்து அச்சு மாதிரிதான் இருந்தது.

வெளியே வந்து தில்லை நகரில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். மாமா அப்பாவோடு பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. இப்போது தபால்காரிக்கு இரண்டு கிளை. சாப்பிட்டு முடிந்ததும் மாமா ஒரு கவரை அம்மாவின் கையில் வைத்தார். முதல் செமஸ்டருக்கு என்று சொல்லி வைத்திருந்த பணம். "இது புள்ளைக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கு அப்ப கொடுத்திருக்கணும்" என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. அதற்குள் அப்பா பில்லை வாங்கி, கூட்டல் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடன் வந்தது. 'இதர' வரை எல்லாவற்றையும் கட்டினோம். தினமும் காலையில் காவிரிப் பாலம் தாண்டி, கல்லூரி பஸ்ஸில் துவாக்குடிக்குப் போய்வந்தேன். அம்மா அப்பாவோடு பேச ஆரம்பித்தது என்றைக்கு என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தபோது, பாத்ரூம் குழாயைச் சரி செய்யவில்லை என்று அவரை நேரடியாகவே திட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மாமாவும் ஓர் ஆறு மாதத்தில் இறங்கி வந்தார். இறங்கி வந்த விதம்தான் வேறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவுக்குப் போன் செய்து இலக்கணம் நடத்துவார். அப்பா மண்டியிலிருந்து கொண்டுவந்த பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். "மரம் பிளஸ் வேர், என்ன ஆகும் மாப்பிள்ளை?" "மரவேர், மச்சான்." "ம் எங்க போச்சு?" "போயிடுச்சு, மச்சான்." "போகலை. கெட்டது!"

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு தருவதாக அப்பாவின் பல்கலைக்கழகம் அறிவித்தது. செய்தியை முதலில் பார்த்தவர் மாமாதான். இருவரும் புதுமாப்பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். அப்பா விண்ணப்பம்கூட டவுன்லோட் செய்துவிட்டார்.

"எழுதி பாஸ் பண்ணிட்டீங்கன்னா?" என்றாள் அம்மா.

"பாஸ் பண்ணத்தானே எழுதறது!"

"பாஸ் பண்ணிட்டா நீங்க பட்டதாரி. அப்ப இவளோட சர்டிபிகேட்?"

நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. அப்பா மறுபடியும் இ-சேவை மையத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். அதே பெண்தான். அப்பாவை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சர்டிபிகேட் வாங்கின பிறகு அப்பா டிகிரி முடித்தால் சலுகை போய்விடுமா என்று கேட்டோம். நெற்றியைத் தேய்த்து யோசித்தாள்.

"இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகாது. ஆனா ரிஸ்க் எடுக்காதீங்க. இன்னும் ஒன்றரை வருஷம்தானே? அதுவரைக்கும் ஃபெயிலாவே இருங்க."

அப்பா எழுதவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவில்லை, அவரேதான் விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டார். நான் படித்து முடித்த பிறகு அந்த மாதிரி வாய்ப்பு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுவேன் என்கிறார்.

எனக்கு இப்போது சென்னையில் வேலை. தவணை மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து போகிறது. முதல் தவணை போன அன்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள். ரொம்ப சாதாரணமாக, "டிகிரி படிக்கலாம்னு பாக்குறேன். தொலைநிலைக் கல்வில. கெமிஸ்ட்ரி இல்லையாம், வேற எதாவதுதான் எடுக்கணும். ஃபீஸ் நீ கட்டுவியா, உன் மாமாகிட்ட கேக்கவா?" என்றாள். நான் கட்டுகிறேன் என்றேன். அரை மணி நேரத்தில் மாமா போன் செய்து, அது தன்னுடைய கடமை என்று என்னோடு சண்டை போட்டார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று ஒப்புக்கொண்டோம். அம்மா தமிழ் எடுத்துவிடுவாளோ என்று அப்பாவுக்கு உள்ளூரப் பயம். அவள் வரலாறு எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு அப்பாதான் மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறார். விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதில்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் மனைவிகளுக்காகக் காத்திருக்கும் இன்னும் நாலைந்து பேரோடு உட்கார்ந்துவிடுவார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நானும் போனேன். இடைவேளையில் பி.காம். படிக்கிற இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் குழந்தையோடு, நேராக அப்பாவிடம் வந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவர் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், இருப்புநிலைக் குறிப்பு நன்றாகச் சொல்லித் தருவார் என்று.

"சார், இதுல ரெண்டு பக்கமும் டேலி ஆகவே மாட்டேங்குது."

"சொல்லித் தரேன்மா. ஆனா முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம். முடிக்கல. ஒரு பேப்பர் பாக்கி."

"பரவால்ல சார். எனக்கு நாலு பாக்கி" என்று அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள்.